இருபது ஆண்டுகளாகக் காணாத குடும்பம்

கேள்வி: அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன். நாங்கள் குடியிருக்கும் பழைய வீட்டைக் கட்டிய குடும்பத்தின் வரலாற்றை ஊர் நூலகத்துக்காக எழுதி வருகிறேன். 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கணவனும் மனைவியும் ஒஹையோவில் இருக்கிறார்கள்; 1900-இல் இங்கே இருக்கிறார்கள். 1890 ஏடுகளில் அவர்களைக் காணவில்லை. பிள்ளைகளில் மூத்தவன் 1882 ஆகஸ்டில் ஒஹையோவிலும், அடுத்தவள் 1886 மார்ச்சில் கான்சாஸிலும், இளையவன் 1891-இல் கொலராடோவிலும் பிறந்ததாக 1900 ஏடு கூறுகிறது. மேற்கொண்டு எப்படித் தேடுவது?

பதில்: 1890 ஏடுகளில் அவர்கள் கிடைக்காதது உங்கள் தேடலின் குறை அன்று. ஆறு கோடிக்கும் மேற்பட்டோரைக் கணக்கெடுத்த அந்த ஏடுகளில் பெரும்பகுதி 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தில் சேதமடைந்து, எஞ்சியவையும் பின்னர் அழிக்கப்பட்டுவிட்டன. இன்று கிடைப்பவை ஏறத்தாழ 6,000 பேரின் பதிவுகள் மட்டுமே. ஆகவே அங்கே இனித் தேட வேண்டாம்.

உங்களுக்கு வேண்டிய விடையின் பாதி நீங்கள் அனுப்பிய வரிகளிலேயே இருக்கிறது. 1900 கணக்கெடுப்பு ஒவ்வொருவரும் பிறந்த மாதத்தையும் ஆண்டையும் கேட்டது. 1910-இல் வயதை மட்டுமே கேட்டார்கள். 1882 ஆகஸ்டுக்கும் 1886 மார்ச்சுக்கும் இடையில் இவர்கள் கான்சாஸுக்குப் போயிருக்க வேண்டும். அந்த மாநிலம் 1885 மார்ச் முதல் தேதியை வைத்துத் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. கான்சாஸுக்கு எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கும் கட்டமும் அதில் உண்டு. அந்த ஏட்டில் அவர்கள் இருந்தால் கவுன்டியும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஊரும் தெரிந்துவிடும். இல்லையென்றால், பெரும்பாலும் அந்தத் தேதிக்குப் பின்னர், ஓராண்டுக்குள் வந்தவர்கள் என்று கொள்ளலாம். பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள் என்பதால், எழுத்துக் கூட்டலை நம்பாமல் கணவன், மனைவி, மகன் ஆகிய மூவரின் முதற்பெயர்களும் வயதும் ஒருசேரப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒரே பெயருள்ள வேறொரு குடும்பத்தைப் பின்தொடர்ந்து பல மாத உழைப்பை இழப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

இன்னொரு கட்டத்தையும் தவறாமல் பாருங்கள். தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று 1900 ஏடு கேட்கிறது. இரண்டு எண்களும் வேறுபட்டால், எங்கோ ஒரு குழந்தையையாவது இழந்திருக்கிறார்கள் என்று பொருள்; போன வழியில் புதைத்துவிட்டு வந்ததாகவும் இருக்கலாம். அந்தக் குழந்தையின் பெயரையும் உங்கள் வரலாற்றில் சேர்க்க முயலுங்கள்.

செய்தித்தாள்களைப் பொறுத்தவரை, வந்து சேர்ந்த ஊரின் பத்திரிகையைவிட விட்டுவந்த ஊரின் பத்திரிகையே அதிகம் பேசும் என்பது என் அனுபவம். ஒஹையோவில் இருந்த உறவினர்களுக்கு வந்த கடிதங்கள், மகளைப் பார்க்கப் போன தாய், பெற்றோரின் இறப்புச் செய்தியில் பிள்ளைகள் வாழும் ஊர்கள் எனச் சிற்றூர் வார இதழ்கள் இவற்றையெல்லாம் ஓரிரு வரிகளில் அச்சிட்டன. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் ‘கிரானிக்லிங் அமெரிக்கா’ தொகுப்பிலும், உங்கள் மாநிலத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பிலும் இலவசமாகத் தேடலாம். மனைவியின் பெயரை இட்டுத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்; அக்காலத்தில் அவர் கணவன் பெயருக்கு முன் ‘திருமதி’ சேர்த்தே குறிப்பிடப்பட்டார். கணவனுக்கோ முதலெழுத்துகள் மட்டும் இருக்கக்கூடும்.

கான்சாஸ் ஊர் தெரிந்ததும், கணினித் தேடலோடு நின்றுவிடாமல், அவ்வூர் வார இதழை இதழ் இதழாகப் படியுங்கள். மங்கிய அச்சைக் கணினி பலமுறை தவறாகவே படிக்கிறது. வறட்சியாலும் நிலவிலைச் சரிவாலும் 1887-க்குப் பிறகு மேற்குக் கான்சாஸிலிருந்து பலர் வெளியேறியதால், 1888 முதல் 1891 வரையிலான இதழ்களில் தொடங்குவது நல்லது. கால்நடை, ஏர், அடுப்பு, கட்டில் ஆகியவற்றை ஏலம் விடுவதாக அவர்கள் பெயரில் ஓர் அறிவிப்பு இருந்தால், ஊரைவிட்டுப் புறப்பட்ட வாரத்தை நீங்கள் ஏறக்குறைய நெருங்கிவிட்டீர்கள்.