ஒரே வேதாகமம், வேறு வேறு விளக்கம்: எதை எப்படிச் சோதிப்பது?

வாசகர் கேள்வி – பதில்

நான் மெதடிஸ்த சபை. மாமி வீடு கத்தோலிக்கம். தம்பி இப்போது ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறான். ஒரே வசனத்துக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள். புதுவருட ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்ததால், இந்த வருடம் கனடா விசா நிச்சயம் என்று தம்பிக்குச் சொல்லியிருக்கிறார்கள். யார் சொல்வது சரி என்று எப்படி அறிவது?
– வாசகி, கல்லடி

தம்பியின் அட்டையிலிருந்தே தொடங்குவோம். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எரேமியா 28, 29 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் அவருடன் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். கால் மணித்தியாலம் போதும். பக்கத்தில் ஒரு கொப்பி இருக்கட்டும். எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், அவர்கள் அப்போது எந்த நிலைமையில் இருந்தார்கள், இந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். "இது இன்றைக்கு எனக்கு என்ன சொல்கிறது?" என்ற கேள்வி கடைசியில்தான் வரவேண்டும். அநேகமாகப் பிழை நடப்பது இங்கேதான். கடைசிக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டால் மற்றவற்றைக் கேட்கவே தோன்றாது.

வாசிக்கும்போது தெரியவரும்: 29ஆம் அதிகாரம், பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம். அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி நிற்கிறான். இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று கர்த்தருடைய நாமத்தில் சொல்கிறான். ஐந்தாம் மாதத்தில் அதைச் சொன்னவன் ஏழாம் மாதத்தில் இறந்துபோகிறான். எரேமியாவின் கடிதம் சொல்லும் கணக்கோ 70 வருடம் (29:10). ஆகவே அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்கிறது. "சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே" என்று 11ஆம் வசனத்தில் வரும் அதே "சமாதானம்" நாலு வசனத்துக்கு முன்னாலும் இருக்கிறது. உங்களைக் கொண்டுபோய் வைத்திருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்று 7ஆம் வசனம் கேட்கிறது.

அந்தக் கடிதம் கையில் கிடைத்த பெரியவர்களில் பலர் எருசலேமைத் திரும்பக் கண்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் கடவுள் தங்களைக் கைவிடவில்லை என்று அவர்கள் அறிந்துகொண்டார்கள். அந்த ஆறுதலை உங்கள் தம்பி தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். விசாத் திகதியை இந்த வசனத்திலிருந்து எடுக்க முடியாது. அதைச் சொல்பவர் எரேமியாவின் வசனத்தை எடுத்து அனனியாவின் செய்தியைச் சொல்கிறார்.

இனி உங்கள் வீட்டு விஷயம். ஒத்துப்போகும் இடம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. 325இல் நிசேயாவிலும் 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் கூடிய சங்கங்களின் விசுவாச அறிக்கையை உங்கள் சபையும் மாமியின் சபையும் ஏற்கின்றன. திரியேக கடவுள், மனிதரான கிறிஸ்து, சிலுவை, உயிர்த்தெழுதல், அவருடைய மறுவருகை எல்லாம் அதில் உண்டு. பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகள் ஆராதனையில் அதைச் சொல்லாவிட்டாலும் உள்ளடக்கத்தை நம்புகின்றன. ஒரு போதனை இந்த அறிக்கையோடு மோதினால் அங்கே விட்டுக்கொடுக்க இடமில்லை.

குழந்தை ஞானஸ்நானம் அப்படிப்பட்டதல்ல. அப்போஸ்தலர் 16இல் சிறைச்சாலைக்காரனும் "அவனுடையவர்கள் அனைவரும்" ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று இருக்கிறது. அந்த வீட்டில் குழந்தை இருந்ததா என்று வசனம் சொல்லவில்லை. எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி பிலிப்பு சொன்னதைக் கேட்ட பிறகே தண்ணீரில் இறங்குகிறார். இரண்டு பக்கத்திலும் வேதத்தை மதிக்கிறவர்களே இருக்கிறார்கள்.

அதோடு, சோதிக்கும் அளவுகோலும் சபைக்குச் சபை வேறுபடும். கத்தோலிக்க திருச்சபை வேதத்தையும் திருமரபையும் சேர்த்தே வாசிக்கிறது. அதற்கு அதிகாரபூர்வமான விளக்கம் தருவது ஆசிரியம், அதாவது பாப்பரசரும் ஆயர்களும் கொண்ட போதிக்கும் அதிகாரம், என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதிவைத்தது. மெதடிஸ்தர் வேதத்தை முதலில் வைத்து, சபை மரபு, பகுத்தறிவு, அனுபவம் ஆகியவற்றைத் துணைக்கு எடுப்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் வேதத்தோடு பரிசுத்த ஆவியானவரின் வழிநடத்துதலை வலியுறுத்துகின்றன. மாமியோடு கதைக்கும்போது "இது எந்த வசனத்தில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். "திருச்சபை இதை எப்போதிருந்து, எப்படிப் போதித்து வருகிறது?" என்றும் கேளுங்கள்.

பெரும்போக அறுவடையில் பத்தில் ஒரு பங்கு சபைக்குக் கொடுக்காவிட்டால் வயலுக்குச் சாபம் வரும் என்று மல்கியா 3ஆம் அதிகாரத்தைக் காட்டிச் சொல்கிறார்கள். உரக் கடனே இன்னும் கட்டி முடியவில்லை.
– வாசகர், திருக்கோவில்

மல்கியாவில் 3:9, 10 வாசித்தவர்கள் 3:5ஐயும் உங்களுக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்கள், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள் ஆகியோருக்கு விரோதமாகக் கர்த்தர் அங்கே சாட்சியாக வருகிறார். ஆகவே அறுவடை முடிந்ததும் வெட்டினவர்களுக்கும் சூடடித்தவர்களுக்கும் கூலியைத் தீர்த்துவிடுங்கள். அதுவும் இதே அதிகாரத்தின் கட்டளைதான்.

அந்தத் தசமபாகம் யாருக்குப் போனது என்று பாருங்கள். எண்ணாகமம் 18:21 முதல் 24 வரை வாசித்தால், ஆலய ஊழியம் செய்த, காணியில் பங்கு கிடைக்காத லேவியருக்கு அது சுதந்தரமாகக் கொடுக்கப்பட்டது விளங்கும். மல்கியா 3:10இல் பண்டசாலை என்றது தேவாலயத்துத் தானிய அறைகளை. நெகேமியா 13இல் அது காலியாகி, லேவியர் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போன கதை இருக்கிறது. உபாகமம் 14ஆம் அதிகாரம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. தசமபாகத்தைக் கொண்டுவந்த குடும்பமே கர்த்தருடைய சந்நிதியில் அதைச் சாப்பிட்டுச் சந்தோஷப்படவேண்டும். மூன்றாம் வருடத்துத் தசமபாகம் ஊருக்குள்ளேயே வைக்கப்பட்டு லேவியர், பரதேசி, திக்கற்றவர், விதவை ஆகியோருக்குப் போகும்.

பத்து மூடைக்கு ஒரு மூடை என்று மனதார நியமித்துக் கொடுப்பது நல்ல பழக்கம். போதகரின் குடும்பமும் சாப்பிட வேண்டும். 1 கொரிந்தியர் 9:14 அதை மறைக்கவில்லை. ஆனால் சாபத்தைக் காட்டி வாங்குவதற்குப் புதிய ஏற்பாட்டில் ஆதாரம் இல்லை. 2 கொரிந்தியர் 9:7 "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்கிறது. நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து கிறிஸ்து நம்மை மீட்டுக்கொண்டார் என்று கலாத்தியர் 3:13 சொல்கிறது. பயமில்லாமல் கடனைக் கட்டுங்கள்; கொடுக்கக்கூடியதைச் சந்தோஷமாகக் கொடுங்கள்.

பழைய வேதாகமத்தில் 1 யோவான் 5:7இல் "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்தஆவி" என்று இருக்கிறது. திருவிவிலியத்தில் அது இல்லை. வேண்டுமென்று நீக்கிவிட்டார்களா?
– வாசகி, கல்முனை

இல்லை. அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. லத்தீன் வழியாக வந்தது. எராஸ்மஸ் என்ற அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. 1522 பதிப்பில் சேர்த்தார். அந்தப் பதிப்பு மரபைத் தழுவிய மொழிபெயர்ப்புகளில் அது தங்கிவிட்டது. ஆவி, ஜலம், இரத்தம் என்ற மூன்று சாட்சிகள் இரண்டிலும் இருக்கின்றன. திரித்துவம் இந்த ஒரு வரியில் தொங்கவில்லை. மத்தேயு 28:19ஐப் பாருங்கள். இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். வித்தியாசம் கண்ட இடத்தில் அடிக்குறிப்பையும் பார்க்காமல் போகாதீர்கள்.

"கர்த்தர் என்னோடு பேசினார்" என்று ஊழியர் சொல்லும்போது அதைச் சோதித்துப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாதா?
– வாசகர், செங்கலடி

சோதிக்கச் சொன்னது பவுல்தான். 1 தெசலோனிக்கேயர் 5இல் "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்பதற்கு அடுத்த வசனமே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்பது. இரண்டையும் பிரிக்கக்கூடாது. இரண்டு மூன்று தீர்க்கதரிசிகள் பேசினால் மற்றவர்கள் நிதானிக்கவேண்டும் என்று கொரிந்து சபைக்கும் எழுதினார். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்றது அப்போஸ்தலர் 17:11.

சொன்னது பலித்தது என்பதும் போதாது. அடையாளம் நடந்தாலும் வேறு தேவர்களிடம் இழுத்தால் கேட்காதே என்று உபாகமம் 13 எச்சரிக்கிறது.

கேட்கும் முறையும் முக்கியம். ஆராதனை நடுவில் எழும்பவேண்டாம். வட்ஸ்அப் குழுவிலும் போடவேண்டாம். ஞாயிறு ஆராதனை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, வேதாகமத்தை அந்த அதிகாரத்தில் திறந்து கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, இந்த வசனத்துக்கு முன்னால் இப்படி இருக்கிறதே, இதை எப்படி விளங்கிக்கொள்வது?" என்று கேளுங்கள். நல்ல போதகர் உங்களோடு உட்கார்ந்து வாசிப்பார். உடனே பதில் இல்லாவிட்டால் அடுத்த கிழமை வரச் சொல்வார். கேள்வி கேட்டதற்கே சாபமிட்டால், சபை மூப்பர் இருவரை அழைத்துக்கொண்டு மறுபடி போங்கள். அப்போதும் வேதாகமம் திறக்கப்படாவிட்டால், அந்த வாக்கை வைத்து நகையை அடகு வைக்கவோ மருந்தை நிறுத்தவோ கல்யாணம் பேசவோ வேண்டாம்.