ரெக்கார்டிங் மென்பொருள் மாற்றப் போகிறீர்களா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (மேலூர்): பல வருடமாக க்யூபேஸில் கிராமியப் பாட்டு ரெக்கார்டிங் செய்கிறேன். இப்போது இருப்பது 9-ஆம் பதிப்பு, உரிமம் அடங்கிய யூஎஸ்பி டாங்கிளோடு. ரீப்பருக்கு மாறலாம் என்று முடிவு. பழைய பாட்டுகளை ரீப்பரில் அப்படியே திறக்க முடியுமா?

பதில்: முடியாது. க்யூபேஸ் ப்ராஜெக்ட் கோப்பு ரீப்பரில் திறக்காது. மென்பொருளுக்கு மென்பொருள் ப்ராஜெக்டை மாற்றிக்கொள்ள 2023-இல் ஒரு பொதுக் கோப்பு வகை வந்தது. பிட்விக், ஸ்டுடியோ ஒன், க்யூபேஸ் 14 அதைப் புரிந்துகொள்ளும். உங்கள் 9 புரிந்துகொள்ளாது. ஆகவே பாட்டை ஆடியோவாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். அதையும் சீக்கிரம் செய்யுங்கள். அந்த டாங்கிளுக்கான எலைசென்சர் சேவையை, க்யூபேஸை உருவாக்கிய ஸ்டைன்பர்க் 2025 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. டாங்கிள் ஓடும்வரை க்யூபேஸ் ஓடும். டாங்கிள் உடைந்தால் மாற்று கிடைக்காது.

ஒரு பாட்டைத் திறந்து, எடுக்க வேண்டிய பகுதியைக் காட்டும் இரண்டு குறிகளில் இடது லொக்கேட்டரை முதல் பாரின் தொடக்கத்திலும் வலது லொக்கேட்டரை பாட்டு முடிந்து எதிரொலி அடங்கிய இடத்திலும் வையுங்கள். ஆடியோ மிக்ஸ்டவுனில் சேனல் பேட்ச் எக்ஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, எல்லா டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக, 24 பிட்டில் எடுங்கள். சாம்பிள் ரேட் ப்ராஜெக்டில் என்னவோ அதுவே இருக்கட்டும், 44.1-ஐ 48 ஆக்கினால் தரம் கூடாது. சரணத்தில் மட்டும் வரும் உறுமி டிராக்கும் முதல் பாரிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். அப்போதுதான் ரீப்பரில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டால் ஒன்றோடொன்று பொருந்தும். பலர் சறுக்குவது இங்கேதான்: துண்டு துண்டாக எடுத்துவிட்டு, பிறகு தவிலையும் குரலையும் கண்ணால் பார்த்து நகர்த்திக்கொண்டிருப்பார்கள்.

எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப், டிலே சேனல்களைத் தனியாக எடுக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் குரல் மொட்டையாக வந்து நிற்கும். கீபோர்டு டிராக்குகளை ஆடியோவாகவும் எடுங்கள், மிடி கோப்பாகவும் (ஒலி இல்லாமல், எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பு மட்டும்) எடுங்கள். அந்த மிடி கோப்பில் டெம்போ மாற்றங்களும் சேர்ந்து வரும். ரீப்பரில் அதைப் போடும்போது டெம்போவையும் சேர்க்கவா என்று கேட்கும், சரி என்று சொல்லுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டு, 30 டிராக் என்றால் 2.6 ஜிபி ஆகும். ஹார்ட் டிஸ்கை அதற்கேற்பப் பார்த்து வாங்குங்கள், இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. க்யூபேஸில் மாஸ்டரில் எந்த எஃபெக்டும் இல்லாமல் எடுத்த முழு மிக்ஸையும் ரீப்பரில் ஒரு டிராக்கில் போட்டு, ஒலி அலையைத் தலைகீழாக்கும் அதன் ஃபேஸ் பொத்தானை அழுத்துங்கள். மற்ற டிராக்குகளின் சத்த அளவு ஃபேடர் பூஜ்ய டெசிபெல்லிலும் (கூட்டாமல், குறைக்காமல்), இடது-வலது பேன் நடுவிலும் இருக்க, இரண்டையும் சேர்த்து ஓட்டினால் சத்தம் கிட்டத்தட்ட அடங்கிவிட வேண்டும். ஏதாவது கருவி தனியாகக் கேட்டால் அந்த டிராக்தான் தப்பு. மோனோ டிராக்கை வெறும் ஆடியோவாகக் கொண்டுவந்து ரீப்பரில் பேன் செய்தால் அளவு மாறிக் கேட்கும். க்யூபேஸ் நடுவில் 3 டெசிபெல் குறைக்கும், ரீப்பர் தன்னிருப்பாகக் குறைக்காது. ப்ராஜெக்ட் செட்டிங்ஸில், நடுவில் எவ்வளவு குறைய வேண்டும் என்று சொல்லும் பேன் லாவை மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சித்திரைக்கு அழகர் பாட்டும் கார்த்திகைக்கு ஐயப்பன் பாட்டும் வந்து குவியும் மாதங்களில் மாறாதீர்கள். பாட்டைக் கேட்டு ஆள் வாசலில் நிற்கும்போது புது மென்பொருளில் பொத்தான் தேடக்கூடாது.

கேள்வி (அண்ணா நகர்): மென்பொருளை மாற்றினால் பாட்டின் சவுண்டு நன்றாக இருக்குமா?

பதில்: இருக்காது. மைக்கையும் அறையையும் கவனியுங்கள்.

கேள்வி (திருநகர்): ரீப்பருக்கு வந்ததிலிருந்து பாடகருக்கு ஹெட்போனில் தன் குரல் இரண்டாகக் கேட்கிறது. மென்பொருளில் கோளாறா?

பதில்: கோளாறில்லை. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் வழியாக ஒரு குரல் நேராகப் போகிறது. ரீப்பர் டிராக்கின் ரெக்கார்ட் மானிட்டர் வழியாக அதே குரல் சற்றுத் தாமதமாகப் போகிறது. இரண்டில் ஒன்றை அணையுங்கள். ரிவெர்போடு கேட்டுப் பாட வேண்டும் என்றால் இன்டர்ஃபேஸில் உள்ளதை அணைத்து, பஃபரை (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வாங்கும் ஒலியின் அளவு) 128 சாம்பிளுக்குக் கொண்டுவாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது ஒருவழிக்கு 2.7 மில்லிசெகண்ட், பாடுபவருக்குத் தெரியாது. 1024 என்றால் 21 மில்லிசெகண்ட். உள்ளே போய் வெளியே வருவதற்குள் தாளம் தப்பிவிடும். மிக்ஸிங்கின்போது பஃபரை மறுபடி ஏற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சடசட என்று சத்தம் வரும்.

கேள்வி (உசிலம்பட்டி): தாளமில்லாமல் விருத்தம் பாடவைத்து ரெக்கார்டு செய்தேன். பிறகு பல்லவிக்காக டெம்போவை மாற்றினால் விருத்தக் குரல் இழுத்துக்கொண்டு விட்டது. போனது போனதுதானா?

பதில்: போகவில்லை, பதறாதீர்கள். ரீப்பர் தன்னிருப்பாகவே ஆடியோவைப் பீட்டோடு கட்டி வைக்கும். டெம்போ மாறினால் ஆடியோவும் நீளும், சுருங்கும். முதலில் பழைய டெம்போவைத் திரும்பப் போடுங்கள், குரல் பழையபடி ஆகும். பிறகு விருத்த டிராக்கில் ரைட் கிளிக் செய்து, அதன் டைம்பேஸை ‘டைம்’ என்று வையுங்கள். அதன்பின் டெம்போவை மாற்றுங்கள். மிடி டிராக்குகள் பீட்டிலேயே இருக்கட்டும், அவை டெம்போவோடு நகர வேண்டியவை. விருத்தம், ஆலாபனை, ஒப்பாரி எடுக்கிறவர்கள் முதல் டேக்குக்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

கேள்வி (திருமங்கலம்): ஒரு கம்ப்யூட்டர் கடையில் ‘ஒரிஜினல், லைஃப்டைம்’ என்று சொல்லி 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு ரெக்கார்டிங் மென்பொருளைப் போட்டுக்கொடுத்தார்கள். நெட்டைப் போடவேண்டாம் என்றார்கள். ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. கேட்டால் மறுபடி 1,500 கேட்கிறார்கள். பில் இல்லை.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. ‘ஒரிஜினல்’ என்று வாய்கூசாமல் சொன்னவர்கள் மேல்தான். ஊருக்கு ஊர் நடக்கும் இந்த வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

உரிமம் என்பது பென் டிரைவில் இருக்கும் பொருளல்ல. உங்கள் மின்னஞ்சல் முகவரியில், அந்த நிறுவனத்தின் தளத்தில், உங்கள் பெயரில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். வாங்கிய மென்பொருள் அதில் தெரிய வேண்டும். கடைக்காரர் கொடுக்க வேண்டியது ஆக்டிவேஷன் கோடும் ஜிஎஸ்டி பில்லும். கோடை உங்கள் கையால், உங்கள் கணக்கில் நீங்களே அடிக்க வேண்டும். ‘நெட்டைக் கழற்றுங்கள்’, ‘ஆன்டி வைரஸை அணையுங்கள்’, ‘அப்டேட் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்’: இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னாலே அது திருட்டுப் பிரதி, எழுந்து வந்துவிடுங்கள். இன்னும் சிலர் அப்கிரேட் பதிப்பை முழுப் பதிப்பு என்று விற்கிறார்கள். பழைய உரிமம் இல்லாதவருக்கு அது எதற்கும் உதவாது. மாணவர் பதிப்பை ஸ்டுடியோக்காரர் தலையில் கட்டுவதும் நடக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. விற்றவர் இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

பில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் ‘ஒரிஜினல்’ என்று அவர் அனுப்பிய செய்தி, 1,500 கேட்ட செய்தி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பித் தரச்சொல்லி எழுத்தில் கேளுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எது செய்தாலும் அந்த 1,500-ஐக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (கே.கே.நகர்): தள்ளுபடி என்பதால் டிரையல் பார்க்காமல் ஆன்லைனில் ஒரு மென்பொருள் வாங்கிவிட்டேன். அதன் திரை அமைப்பு பிடிக்கவில்லை. பணம் திரும்புமா?

பதில்: ஆக்டிவேஷன் கோடைப் போட்டுவிட்டால் பெரும்பாலும் திரும்பாது. ரீப்பரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கக் கொடுக்கிறார்கள். எஃப்எல் ஸ்டுடியோ டிரையலுக்கு நாள் கணக்கே இல்லை, சேமித்த பாட்டைத் திரும்பத் திறக்க மட்டும் முடியாது. இவ்வளவு இருந்தும் தள்ளுபடி விலையை மட்டும் பார்த்து வாங்கினால் யார் என்ன செய்ய முடியும்?

கேள்வி (ஒத்தக்கடை): லாஜிக் ப்ரோ வாங்கலாமா? என்னிடம் விண்டோஸ் லேப்டாப்.

பதில்: ஓடாது. லாஜிக்கை உருவாக்கிய எமாஜிக் நிறுவனத்தை 2002-இல் ஆப்பிள் வாங்கியபோதே விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டது.

கேள்வி (வாடிப்பட்டி): க்யூபேஸ் பழகிய கைக்கு ரீப்பர் வரமாட்டேன் என்கிறது. மவுஸ் வீலை உருட்டினால் டிராக் மேலே கீழே போகாமல் ஜூம் ஆகிறது. பல டிராக்கை ஒன்றாகக் கூட்டிக் குறைக்கும் குரூப் சேனலையும் காணோம். பொத்தானும் ஃபேடரும் உள்ள கண்ட்ரோலர் ஒன்று வாங்கினால் எளிதாகுமா?

பதில்: கண்ட்ரோலர் வேண்டாம். நான் வாங்கிய ஒன்று, அதன் கம்பெனி சொன்ன மென்பொருளைத் தவிர வேறெதிலும் பாதிப் பொத்தான் வேலை செய்யாமல் கிடக்கிறது.

ரீப்பரில் கேள்விக்குறி விசையை அழுத்தினால் ஆக்‌ஷன் லிஸ்ட் திறக்கும். அதில் செங்குத்தாக ஸ்க்ரோல் செய்யும் கட்டளையைத் தேடி, ‘ஆட்’ அழுத்தி, வீலை உருட்டினால் அது பதிவாகிவிடும். வெட்டுவதற்கு க்யூபேஸில் ஆல்ட்-எக்ஸ், இங்கே எஸ் மட்டும். ரெக்கார்டுக்கு கன்ட்ரோல்-ஆர், நம்பர் பேட் இல்லாத லேப்டாப்புக்கு இதுவே வசதி. வீலை மட்டும் மாற்றிக்கொண்டு மற்றதை ரீப்பரின் வழக்கப்படியே பழகுங்கள். எல்லா விசையையும் க்யூபேஸ் போல மாற்றினால், பாடக் காணொளி எதைப் பார்த்தாலும் உங்களுக்குப் பொருந்தாமல் போகும்.

குரூப் சேனல் தனியாக இல்லை, ஏனென்றால் ரீப்பரில் டிராக் வகை என்பதே கிடையாது. ஆடியோ, மிடி, எஃபெக்ட் எல்லாம் ஒரே டிராக்தான். பம்பை, உறுமி, தவில் மூன்றுக்கும் மேலே ஒரு காலி டிராக் போட்டு, அதன் ஃபோல்டர் குறியை அழுத்தி, மூன்றையும் உள்ளே இழுத்துவிடுங்கள். மேல் டிராக்கின் ஃபேடரே குரூப். ரெக்கார்டு செய்யும் முன் ப்ராஜெக்டைச் சேமியுங்கள், சேமிக்கும் பெட்டியில் தனி ஃபோல்டர் உருவாக்கும் கட்டத்தை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பாட்டின் வேவ் கோப்பும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும்.

கேள்வி (மேலூர் வாசகரே, பின்குறிப்பாக): ரீப்பருக்கு 60 டாலரா, 225 டாலரா?

பதில்: மென்பொருள் ஒன்றுதான். தொழில் வருமானம் வருடத்துக்கு 20,000 டாலருக்குள் என்றால் 60, தாண்டினால் 225. இரண்டு பெரிய பதிப்புகள் வரை அதே உரிமம் செல்லும். டாலர் விலைக்கு மேல் வரியும் கார்டு கட்டணமும் சேரும், அதையும் கணக்கில் வையுங்கள்.