வைஃபை வரலீன்னா ஃபார்மட் எதுக்குங்க?

கம்ப்யூட்டர் கேள்வி – பதில்
(பதில் சொல்பவர் கோபிசெட்டிபாளையத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறார்)

இந்தத் தடவை வந்த கேள்வில முக்காவாசி வைஃபை பத்தித்தாங்க. ரெண்டு தூறல் போட்டு, கரண்டு போய்ப் போய் வந்தாலே நம்ம கடையிலயும் இதே பேச்சுத்தான். அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கி வெச்சுப்போட்டு, இதை மட்டும் ஒட்டுக்கா எடுத்திருக்கறேன்.

*

வீட்டிலிருந்தே பெட்ஷீட் வியாபாரம் செய்கிறோம். பில் போடவும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யவும் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. போன வாரம் ஃபைபர் இணைப்புக்காரர் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுப்பெட்டி மாட்டினார். அன்றிலிருந்து போன், டிவி எல்லாவற்றிலும் நெட் வருகிறது. லேப்டாப்பில் மட்டும் எங்கள் வைஃபை பெயரே காட்டவில்லை. அக்கம்பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம் வருகின்றன. கடையில் கேட்டால் "ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்" என்கிறார்கள். பில் எல்லாம் அதில்தான் இருக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, சென்னிமலை

அம்மிணி, மொதல்ல அந்த லேப்டாப்பை யாரு கையிலயும் குடுத்துறாதீங்க. பாதி பதிலை நீங்களே எழுதிப்போட்டீங்க. போன்ல நெட் வருதுன்னா வெளிய இருந்து வர்ற லைனும் நல்லாருக்குது, பெட்டியும் நல்லாருக்குது. பக்கத்து வீட்டுப் பேரெல்லாம் காட்டுதுன்னா லேப்டாப்புக்குள்ள இருக்கற வைஃபை கார்டும் உசுரோடதான் இருக்குது, அதை ஓட்டற மென்பொருளான டிரைவரும் சரியாத்தான் இருக்குது. அப்பறம் விண்டோஸுக்கு என்ன நோவு?

மாறுனது ஒண்ணே ஒண்ணு, பெட்டி. இப்ப வர்ற பெட்டிக ரெண்டு அலைவரிசைல பேசும்: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 5 வேகமானது, ஆனா தூரம் போகாது, சுவத்துல தட்டுச்சுன்னா சோந்துரும். 2.4 மெதுவு, ஆனா நாலு சுவரு தாண்டிப் போகும். பழைய லேப்டாப்புக பலதுக்கு 5ங்கறது காதுலயே விழாது. உங்க புதுப்பெட்டில 2.4ஐ அணைச்சு வெச்சிருக்கறாங்கன்னுதான் எனக்குத் தோணுது.

இதை உறுதி பண்ணிக்கறது லேசுங்க. ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜரைத் திறங்க. நெட்வொர்க் அடாப்டர்ஸ்னு இருக்கறதுக்குள்ள உங்க வைஃபை கார்டோட பேரு இருக்கும். அதுல 'ஏசி', 'ஏஎக்ஸ்', 'டூயல் பேண்டு'ன்னு எங்கியாவது இருந்தா அது 5ஐயும் பேசும். வெறும் '802.11 பி/ஜி/என்'ன்னு இருந்தா அனேகமா 2.4 மட்டுந்தான். 'ஜி' வந்தது 2003ல, 'என்' 2009ல. 'ஏசி' வந்ததுக்கு அப்பறமும் வெலை கொறைஞ்ச லேப்டாப்புக 'என்' கார்டோடயே வந்துட்டு இருந்துச்சு. அதனால வாங்குன வருசத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க, பேரைப் பாருங்க.

இன்னொரு சோதனை. உங்க போன்ல ஹாட்ஸ்பாட்டைப் போடுங்க. அதோட செட்டிங்ஸ்ல பேண்டுன்னு இருக்கற எடத்துல 2.4ஐத் தேர்ந்தெடுங்க. லேப்டாப்பு அதுல சேந்துச்சுன்னா லேப்டாப்பு மேல குத்தமே இல்லை.

இனி வேலை பெட்டில. பெட்டிக்கு அடியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 192.168.1.1 மாதிரி ஒரு நம்பரு, யூசர் பேரு, பாஸ்வேர்டு எல்லாம் அதுலயே இருக்கும். வைஃபைல சேந்த போன்லயே பிரவுசரைத் திறந்து அந்த நம்பரைப் போட்டா உள்ள போயரலாம். வயர்லெஸ்னோ டபிள்யூலேன்னோ இருக்கற பக்கத்துல 2.4க்கும் 5க்கும் தனித்தனியா எடம் இருக்கும். 2.4ஐ ஆன் பண்ணி, அதுக்குத் தனியா ஒரு பேரும் வெச்சுருங்க. ரெண்டுக்கும் ஒரே பேரா இருந்தா எது எதுல சேந்திருக்குதுன்னு பின்னாடி கண்டுபுடிக்கறது பெரும்பாடு. இதெல்லாம் நமக்கு ஆகாதுன்னா இணைப்புக்காரருக்குப் போன் போட்டு, "2.4ஐ ஆன் பண்ணி, தனிப்பேரு வெச்சுக் குடுங்க"ன்னு இதே வார்த்தைல சொல்லுங்க. "நெட் வரலை"ன்னு மட்டும் சொன்னீங்கன்னா பெட்டியை அணைச்சுப் போடச் சொல்லிப்போட்டு போனை வெச்சுருவாங்க.

பேரு வந்து, பாஸ்வேர்டும் சரியாப் போட்டு, அப்பவும் "இணைக்க முடியவில்லை"ன்னு வந்துச்சுன்னா அதே பக்கத்துல செக்யூரிட்டின்னு இருக்கறதைப் பாருங்க. டபிள்யூ.பி.ஏ.3ன்னு மட்டும் இருந்தா பழைய கார்டுக்குப் புரியாது, அது 2018ல வந்த பாதுகாப்பு முறை. டபிள்யூ.பி.ஏ.2, இல்லீன்னா 2ம் 3ம் கலந்ததுன்னு மாத்துங்க. தொந்தரவே வேண்டாம்னு பாஸ்வேர்டு இல்லாம ஓப்பன்ல மட்டும் விட்டுறாதீங்க. தெருவே உங்க நெட்டுலதான் படம் பாக்கும்.

கார்டு நெசமாவே பழசாப் போச்சுன்னா டூயல் பேண்டு யு.எஸ்.பி. வைஃபை ஒண்ணு வாங்கிச் சொருகுனாப் போதும். என்னைக் கேட்டா, பில் போடற மிஷினுக்கு வைஃபையே வேண்டாமுங்க. பெட்டில இருந்து ஒரு லேன் கேபிளை இழுத்துட்டா தலைவலி தீந்துது.

ஃபார்மட்டுங்கறது விண்டோஸை அழிச்சுப் புதுசாப் போடறது. கார்டு அதே கார்டுதான், அதுக்கு 5 கேக்காதது கேக்காததுதான். மாடு பால் குடுக்கலீன்னு கட்டுத்தறியை இடிச்சுக் கட்டற கதை அது. எங்க தொழில்ல இது ஒரு கெட்ட பழக்கமுங்க. எது கேட்டாலும் ஃபார்மட்டு, கேட்ட காசு. என்ன கோளாறுன்னு பாக்கறதுக்கு அரை மணி நேரம் ஆகும், ஃபார்மட்டுக்குப் போட்டுவுட்டுட்டு டீ குடிக்கப் போயரலாம். எப்படி இருந்தாலும் இன்னிக்கே பில் எல்லாத்தையும் ஒரு பென் டிரைவுல நகல் எடுத்து வெச்சுருங்க.

*

தோட்டத்து வீட்டில் டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டும், ஆனால் "இன்டர்நெட் இல்லை" என்று வரும். சில நாட்கள் இணையம் வந்தாலும், பேங்க் பக்கத்தைத் திறந்தால் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்கிறது. யாராவது என் கம்ப்யூட்டரை ஹேக் செய்துவிட்டார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அந்தியூர்

ஹேக்கும் இல்லை ஒண்ணும் இல்லை சார். ரெண்டு தனித்தனிக் கோளாறு, ரெண்டையும் கிளப்பி வுடறது கரண்டு.

முதல்ல பெட்டி விளக்கைப் பாருங்க. எல்.ஓ.எஸ்.ங்கற விளக்கு செவப்பா எரிஞ்சா வெளிய ஃபைபர்ல எங்கியோ கோளாறு. தென்னை மட்டை விழுந்திருக்கும், இல்லீன்னா கரும்பு லோடு போற வண்டி இழுத்துட்டுப் போயிருக்கும். கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம், போன் பண்ணிச் சொல்லீட்டு வேற சோலியைப் பாருங்க. அது எரியாம, பி.ஓ.என். விளக்கு ஆடாம பச்சையா நின்னு, போன்லயும் நெட் வந்தா, அப்பத்தான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்போணும்.

வைஃபை பேரைக் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ்குள்ள போனா, கீழ ஐ.பி.வி.4 முகவரின்னு ஒரு நம்பரு இருக்கும். 192.168ல ஆரம்பிச்சா சரி. 169.254ல ஆரம்பிச்சா பெட்டி உங்களுக்கு நம்பரே குடுக்கலைன்னு அர்த்தம். விண்டோஸ் கேட்டுப் பாத்துச் சலிச்சு, தானா ஒண்ணைப் போட்டுக்கிச்சு. கரண்டு வந்ததும் பெட்டியும் கம்ப்யூட்டரும் ஒட்டுக்கா உசுரு பெறுது பாருங்க, பெட்டி முழிச்சுக்கறதுக்குள்ள இது கேட்டு முடிச்சிருது. பெட்டியை அணைங்க. ஒரு நிமிசம் விட்டுப் போடுங்க. விளக்கெல்லாம் நிலைச்ச பொறவு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஷட் டவுன் பண்ணி மறுபடி போடறது அதுக்குச் சமம் இல்லை சார். விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு இருக்குது. அது ஷட் டவுன்ல பழைய நெலமையைப் பாதி பத்திரப்படுத்தி வெச்சு, அதையேதான் திருப்பிக் கொண்டாரும். ரீஸ்டார்ட்டுதான் புதுசா ஆரம்பிக்கும்.

அப்படியும் 169.254தான்னா, அந்தப் பக்கத்துலயே ஐ.பி. அசைன்மென்ட்னு இருக்கறது மேனுவலா இருக்குதான்னு பாத்து ஆட்டோமேட்டிக்குக்கு மாத்துங்க. கடைசியா நெட்வொர்க் ரீசெட்டுன்னு ஒரு பொத்தான் இருக்குது. அதை அமுக்குனா வைஃபை பாஸ்வேர்டெல்லாம் மறந்துரும், ஆனா உங்க ஃபைலு எதையும் தொடாது.

இனி பேங்க் பக்கம். அந்தப் பக்கம் வர்றப்ப வலது மூலைல இருக்கற தேதியைப் பாருங்க. வருசம் பின்னாடி எங்கியோ நிக்கும்னு நெனைக்கறேன். நெசமான பேங்க் தளந்தான்னு காட்டறதுக்கு அந்தத் தளம் ஒரு சான்றிதழ் வெச்சிருக்கும், அதுக்கு இன்ன தேதில இருந்து இன்ன தேதி வரைக்கும்னு ஒரு கெடு இருக்கும். உங்க கம்ப்யூட்டர் பழைய வருசத்துல ஒக்காந்துட்டு, "இந்தச் சான்றிதழ் இன்னும் பொறக்கவே இல்லையே"ன்னு சந்தேகப்படுது. மதர்போர்டுல சி.ஆர்.2032ன்னு காசு மாதிரி 3 வோல்ட் பேட்டரி இருக்குது. அது தீந்துட்டா கரண்டு போறப்பெல்லாம் கடியாரம் மறந்து போகும். வாட்ச் கடையிலயே கிடைக்கும். பிளக்கைப் புடுங்கிப்போட்டு மாத்தி, தேதியைச் சரி பண்ணுங்க.

தோட்டத்துல மோட்டார் ஓடறப்ப வோல்டேஜ் எறங்குச்சுன்னா பெட்டி அணைஞ்சு அணைஞ்சு எரியும். 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒண்ணு பெட்டிக்கு மட்டும் வெச்சுருங்க. உங்க பெட்டி அடாப்டர்லயும் 12 வோல்ட்டுதானான்னு பாத்து வாங்குங்க. இடி இடிச்சா பிளக்கை உருவிருங்க. கண்ணாடி இழை வழியா மின்னல் வராது, கரண்டு வயர் வழியாத் தாராளமா வரும்.

*

வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளித் தோப்புக்குள் சாளை (தோட்டத்து வீடு) இருக்கிறது. ஆன்லைன் வகுப்புக்கு அமைதியான இடம் அதுதான். வீட்டு வைஃபை அங்கே லேப்டாப்பில் எட்டவில்லை. பெரிய ஆன்டெனா உள்ள ரூட்டர் வாங்கலாமா?
– கல்லூரி மாணவி, பொள்ளாச்சி

வாங்காதே கண்ணு. ரூட்டர் எவ்வளவு சத்தமாக் கத்துனாலும் உன்ற லேப்டாப்பு திருப்பிப் பேசறது அதுக்குக் கேக்கோணுமல்லோ. லேன் கேபிளும் 100 மீட்டருக்கு மேல ஆகாது. ரெண்டு வழி இருக்குது. ஃபைபர் ஒயரைக் குழாய்க்குள்ள வுட்டுப் பொதைச்சு, ரெண்டு முனைலயும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரையும் லேன் கேபிளையும் சேக்கற பெட்டி) வெக்கறது. இல்லீன்னா ரெண்டு கூரைமேலயும் ஒண்ணை ஒண்ணு பாத்தாப்பல வெளிப்புற வயர்லெஸ் கருவி வெக்கறது. ரெண்டாவதுக்கு நடுவுல தென்னை ஓலை மறைக்கப்படாது. ஈரமான ஓலை அலையைக் குடிச்சுப்போடும். தோப்புன்னு சொல்ற, அதனால அப்பாகிட்ட ஃபைபரே போடச் சொல்லு. சொட்டுநீர்க் குழாய்க்குப் பறிக்கறப்பவே ஒட்டுக்காப் பொதைச்சரலாம்.

*

மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய லேப்டாப்பில் எங்கள் வீட்டு வைஃபை சில நாள் தெரிகிறது, சில நாள் மாயமாகிவிடுகிறது.
– வாசகர், திருப்பூர்

நம்ம ஊருல 2.4 அலைவரிசைக்குள்ள 1 முதல் 13 வரைக்கும் சேனல்னு உட்பிரிவு இருக்குது. அமெரிக்காவுல 11 வரைக்குந்தான். அந்த ஊரு கணக்குக்கு அமைச்ச கார்டு 12, 13ஐத் திரும்பிக்கூடப் பாக்காது. உங்க பெட்டி சேனலை ஆட்டோல வெச்சிருக்கும். அது 13க்குத் தாவுன அன்னிக்கு மாயம். 1, 6, 11ல ஏதாச்சும் ஒண்ணுல நிறுத்தி வெச்சுருங்க.

*

பாஸ்வேர்டு நூறு சதவீதம் சரி. போனில் அதே பாஸ்வேர்டுதான். கம்ப்யூட்டர் மட்டும் தவறு என்கிறது. நான் சிறுகதை எழுதுபவன், பெரும்பாலும் தமிழில்தான் தட்டச்சு செய்கிறேன்.
– வாசகர், கரூர்

கடைசி வரியை எழுதாம இருந்திருந்தா நானும் முழிச்சிருப்பேனுங்க. கீபோர்டு தமிழ்லயே நிக்குது. பாஸ்வேர்டு கட்டத்துல புள்ளி புள்ளியாத் தெரியறதால உங்களுக்குத் தெரியலை. ஓரத்துல இருக்கற கண்ணுப் படத்தை அமுக்கிப் பாருங்க. உள்ள தமிழ் எழுத்தா இருக்கும். விண்டோஸ் பொத்தானோட ஸ்பேஸ் பாரைத் தட்டி இங்கிலீசுக்கு மாத்திட்டுப் போடுங்க. கதை நல்லபடியா வரட்டும்.

*

லாரி ஆபீஸ் லேப்டாப்பில் வைஃபை ஐகானே காணாமல் போய்விட்டது. விண்டோஸ் 10.
– வாசகர், நாமக்கல்

மொதல்ல ஏரோப்ளேன் மோடு. கை பட்டு ஆனாகியிருக்கும். பழைய மாடலா இருந்தா பக்கவாட்டுல தள்ளற சுவிட்சும் இருக்கும், தடவிப் பாருங்க. இல்லீன்னா சார்ஜரை உருவி, ஷட் டவுன் பண்ணி, பவர் பொத்தானை அரை நிமிசம் அமுக்கிப் புடிச்சுட்டு மறுபடி போடுங்க. பல சமயம் இதுலயே கார்டு மறுபடி தெரிய ஆரம்பிச்சரும். அப்பவும் வரலீன்னா டிரைவர் போயிருக்கும். "டிரைவர் போட நெட் வேணும், நெட்டு வர டிரைவர் வேணும்"னு தவிக்க வேண்டாம். போனை சார்ஜர் கேபிளால லேப்டாப்புல சொருகி, போன்ல யு.எஸ்.பி. டெதரிங்கை ஆன் பண்ணுங்க, கேபிள் வழியா நெட் வரும். லேப்டாப் கம்பெனியோட தளத்துல உங்க மாடல் நம்பரைப் போட்டு வைஃபை டிரைவரை எறக்கிக்குங்க. டிவைஸ் மேனேஜர்ல கார்டே இல்லீன்னா அது வன்பொருள் கோளாறு, பிரிச்சுத்தான் பாக்கோணும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டு முடிஞ்சுபோச்சு, ஆபீஸ் கணக்கு வெச்சிருக்கறவங்க அதையும் கொஞ்சம் ரோசனை பண்ணுங்க.

*

ராத்திரியில் வைஃபை பெட்டியை அணைத்து வைத்தால் கரண்ட் பில் குறையுமா?
– வாசகி, பவானி

பெட்டி சுமாரா 10 வாட் இழுக்கும்னு வெச்சுக்குங்க. தினம் எட்டு மணி நேரம் அணைச்சா மாசத்துக்கு 2.4 யூனிட்டு மிச்சம். அணைக்கறதால பெட்டிக்கு ஒண்ணும் ஆகாது. வீட்டுல கேமரா இருந்தா மட்டும் அணைக்காதீங்க.