புல்லு வெட்டுற மெஷின குளிர்காலத்துக்கு எடுத்து வைக்கிறது எப்படி? வாசகர் கேள்விகளுக்கு பதில்

கேள்வி: போன வருஷம் கடைசியா புல்லு வெட்டிட்டு மெஷின அப்படியே ஷெட்ல தள்ளி வச்சேன். குளிர் முடிஞ்சு எடுத்தா கை வலிக்க கயிறு இழுத்தும் ஸ்டார்ட் ஆகல. மெக்கானிக், கார்பரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற பாகம்) அடைச்சிருக்குன்னு சொல்லி காசு வாங்கிட்டாரு. இந்த தடவ என்ன பண்ணணும்?

பதில்: மெக்கானிக் சொன்னது சரிதாங்க, ஆனா அந்த அடைப்பு வந்ததே டேங்க்ல விட்டுட்டுப் போன பெட்ரோலால. பெட்ரோல் மூடி வச்சா கெடாதுன்னு நெறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, ஒரு மாசம் தாண்டினாலே அதோட தரம் குறைய ஆரம்பிச்சிடும். சுலபமா தீப்பிடிக்கிற பகுதி மொதல்ல ஆவியாயிடும், மிச்சம் இருக்கறது காத்துல பட்டு பட்டு பிசின் மாதிரி ஆயி கார்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட்ல ஒட்டிக்கும், அந்த ஜெட் ஓட்டையே அவ்ளோ சின்னது, கொஞ்சூண்டு பிசின் போதும் மொத்தமா அடைக்க. எத்தனால் கலந்த பெட்ரோல்னா இன்னொரு தொல்லையும் இருக்கு. எத்தனால் காத்துல இருக்க ஈரத்த இழுத்துக்கும், ஈரம் ரொம்ப சேந்துட்டா எத்தனாலும் தண்ணியும் பெட்ரோல விட்டுப் பிரிஞ்சு டேங்க் அடியில போய் தங்கிடும். இன்ஜினுக்குப் போற பெட்ரோல் டேங்க் அடியில இருந்துதான் போகுது, அப்புறம் எப்படி ஸ்டார்ட் ஆகும்?

இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, டேங்க காலி பண்ணிட்டு மிச்சம் மீதி தீந்து இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓட விடறது. இன்னொண்ணு, புது பெட்ரோல்ல ஃப்யூல் ஸ்டெபிலைசர், அதாவது பெட்ரோல் சீக்கிரம் கெடாம தடுக்கற திரவத்த, அதோட பாட்டில்ல போட்டிருக்க அளவுக்கு கலந்து, டேங்க கிட்டத்தட்ட நிரப்பி, பத்து நிமிஷம் இன்ஜின ஓட்டறது. இந்த பத்து நிமிஷத்த விட்டுடாதீங்க, கலந்த பெட்ரோல் கார்பரேட்டர் உள்ள வரைக்கும் போய் சேரணும்ல, டேங்க்ல ஊத்திட்டு மூடி போட்டா மட்டும் பிரயோஜனம் இல்ல. ஏற்கனவே பழசான பெட்ரோல்ல ஸ்டெபிலைசர் ஊத்தினாலும் அது புதுசாகாது. என்னக் கேட்டா தள்ளிட்டுப் போற சின்ன மெஷினுக்கு காலி பண்றதே நல்லது, உக்காந்து ஓட்டுற பெரிய மெஷினுக்கு ஸ்டெபிலைசர் போடுங்க, அவ்ளோ பெட்ரோல வெளிய எடுக்கறது பெரிய வேலை. எந்த வழியா இருந்தாலும் இன்ஜின வெட்டவெளியில ஓட்டுங்க. மூடின ஷெட்ல ஓட்டினா கார்பன் மோனாக்சைடு சேரும், அதுக்கு வாசனையே கிடையாது, ஆள் உயிரே போயிடும்.

கேள்வி: ஆயில் இப்பவே மாத்தணுமா, இல்ல திரும்ப எடுக்கும்போது மாத்திக்கலாமா?

பதில்: இப்பவே மாத்திடுங்க. ஓடின ஆயில்ல கரி, ஈரம், அமிலம் எல்லாம் கலந்திருக்கும், அதோட மாசக்கணக்கா நின்னா உள்ள இருக்க உலோகத்த அரிக்கும். ஸ்டெபிலைசர் கலக்க இன்ஜின ஓட்டுறீங்கல்ல, அது முடிஞ்ச கையோட மாத்துங்க, வெதுவெதுன்னு இருந்தா ஆயில் அழுக்கோட சேந்து நல்லா வடியும். எந்த ஆயில்னு மேனுவல் பாருங்க, பல மெஷினுக்கு எஸ்ஏஇ 30 தான் (ஆயிலோட கெட்டித்தன்மைய சொல்ற அளவு) போட்டிருக்கும். அப்படியே பெட்ரோல பத்த வைக்க பொறி குடுக்கற ஸ்பார்க் பிளக்க கழட்டி அந்த ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, கயிற மெதுவா ரெண்டு மூணு தடவ இழுத்துட்டு பிளக்க மாட்டிடுங்க, சிலிண்டர் சுவர்ல ஆயில் படிஞ்சு துரு பிடிக்காம காக்கும்.

கேள்வி: பிளேடு அடியில புல்லு கெட்டியா ஒட்டிக் கெடக்கு, மெஷின சாய்ச்சு சுத்தம் பண்ணலாமா?

பதில்: பண்ணியே ஆகணும், ஆனா மொதல்ல ஸ்பார்க் பிளக் வயர கழட்டி தள்ளி வைங்க. பிளேட கையால திருப்பினா இன்ஜினும் சேந்து சுத்தும், வயர் மாட்டி இருந்தா சட்டுனு ஸ்டார்ட் ஆயிடலாம், விரல் போயிடும், இதுல மட்டும் அசட்டையா இருக்காதீங்க ப்ளீஸ். டேங்க் காலியா இருக்கும்போது சாய்ங்க, ஏர் ஃபில்டரும் கார்பரேட்டரும் இருக்க பக்கம் மேல பாத்த மாதிரி. மாத்தி சாய்ச்சா இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டருக்குள்ள இறங்கிடும். ஒட்டிக் கெடக்கற புல்லு ஈரத்த பிடிச்சு வச்சுக்கும், இரும்பு தகடு அதுலயே துருப்பிடிச்சு ஓட்டையாகும். மரத்துண்டு, இல்ல பிளாஸ்டிக் தகடு வச்சு சுரண்டுங்க, பைப்ல தண்ணி அடிச்சீங்கன்னா காய்ஞ்ச பிறகுதான் உள்ள வைக்கணும். பிளேடையும் கழட்டி அரம் போடுங்க, பழைய சாய்வு மாறாம. அப்புறம் நடு ஓட்டைய ஒரு ஆணியில மாட்டிப் பாருங்க, ஒரு பக்கம் இறங்கினா அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்கணும், சமமா இல்லாத பிளேடு மெஷினையே உதற வைக்கும்.

கேள்வி: என்னோடது பேட்டரி மெஷின். எனக்கு ஒரு வேலையும் இல்லையே?

பதில்: பெட்ரோல், ஆயில் வேலை இல்ல, அவ்ளோதான். பேட்டரிய கழட்டிட்டு அடியில சுத்தம் பண்ணுங்க, பிளேடும் பாருங்க. லித்தியம் பேட்டரிய குளிர்ல விறைக்கிற ஷெட்ல விடாம வீட்டுக்குள்ள காய்ஞ்ச இடத்துல வைங்க, முழு சார்ஜ்லயும் வேணாம் சுத்தமா காலியாவும் வேணாம், பாதி சார்ஜ் போதும். உறைபனி குளிர்ல இருந்து எடுத்த உடனே சார்ஜ் போட்டா செல் கெட்டுப் போகும். பெரிய மெஷின்ல இருக்க லெட் ஆசிட் (ஈயமும் அமிலமும் இருக்க) பேட்டரிக்கு இது நேர்மாறு, அத முழுசா சார்ஜ் பண்ணித்தான் வைக்கணும், சார்ஜ் இறங்கிக் கெடந்தா குளிர்ல உறைஞ்சு வெடிப்பு விட்டுடும்.

கேள்வி: பிளாஸ்டிக் ஷீட் சுத்தி ஹீட்டர் ரூம்ல வைக்கலாமா?

பதில்: ரெண்டும் வேணாம். பிளாஸ்டிக்க இறுக்கி சுத்தினா உள்ள வேர்த்து துரு பிடிக்கும், காத்து போற துணி கவர் போதும். டேங்க்ல பெட்ரோல் இருந்தா அந்த ஆவி தரையோட தவழ்ந்து போய் ஹீட்டர் நெருப்புல பத்திக்கும், அதனால தீ, பொறி எதுவும் இல்லாத இடமா பாருங்க. வெளிய எடுத்த பழைய பெட்ரோலையும் ஆயிலையும் சாக்கடையில ஊத்திடாதீங்க, தனித்தனி கேன்ல மூடி வச்சு, அபாயக் கழிவு வாங்கற இடத்துல குடுத்துடுங்க.