அமெரிக்காவில் ஊர்த் தீயணைப்புத் துறையை யார் நடத்துகிறார்கள்? அன்றாட முடிவுகளை எடுப்பது யார்?

நான் நியூ ஜெர்சி மாநிலத்தின் நடுப்பகுதியில் குடியிருக்கிறேன். ஆறு வருடமாக எங்கள் ஊரில் ஃபயர் டிஸ்ட்ரிக்ட் என்ற தீயணைப்பு அமைப்பின் மாதக் கூட்டத்துக்கு முடிந்தவரை தவறாமல் போய் வருகிறேன். அமெரிக்கா முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் எனக்குப் பழக்கமான இந்த மாநிலத்தை வைத்தே சொல்கிறேன்.

நம் ஊரில் தீயணைப்பு என்றால் மாநில அரசுத் துறை. சென்னையில் தலைமையகம், மேலே ஒரு ஐபிஎஸ் அதிகாரி, மாவட்டத்துக்கு ஓர் அலுவலர், 101க்கு அழைத்தால் வண்டி வரும். திருநெல்வேலி நிலையத்துக்கு எந்த வண்டி என்பதைத் திருநெல்வேலிக்காரர்கள் முடிவு செய்வதில்லை. இங்கே அது தலைகீழ். ஜெர்சி சிட்டி, நூவர்க் போன்ற பெரிய நகரங்களில் நகராட்சியே சம்பளம் கொடுத்துத் தீயணைப்புத் துறையை நடத்துகிறது. புறநகர்களில் பல இடங்களில் ஃபயர் டிஸ்ட்ரிக்ட் என்ற தனி அமைப்பு உண்டு. நகராட்சி நிர்வாகத்தில் சேராமல், தனக்கென்று எல்லை, தனக்கென்று வரி, தனக்கென்று தேர்தல். நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் சவுத் பிரன்ஸ்விக்கில் ஒரே ஊருக்குள் மூன்று டிஸ்ட்ரிக்ட்கள். தெருவின் இந்தப் பக்கம் இருப்பவர் ஒரு விகிதத்திலும் அந்தப் பக்கம் இருப்பவர் வேறு விகிதத்திலும் வரி கட்டுவது நடக்கக்கூடியதுதான்.

டிஸ்ட்ரிக்ட்டை நடத்துவது ஐந்து கமிஷனர்கள் கொண்ட குழு. போலீஸ் கமிஷனர் மாதிரி நினைக்க வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், பழைய தீயணைப்பு வீரர் என்று அக்கம்பக்கத்து ஆட்கள்தான். பத்து வாக்காளர்களின் கையெழுத்தோடு மனு கொடுத்தால் போட்டியிடலாம். பதவிக்காலம் 3 ஆண்டுகள், ஆனால் ஐந்து இடமும் ஒன்றாகக் காலியாகாது. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ இடங்களுக்குத் தேர்தல் வரும்.

இவர்களுக்குக் கீழே, சில ஊர்களில் இவர்களுக்குப் பக்கத்தில், ஃபயர் கம்பெனி இருக்கும். கம்பெனி என்றால் வியாபாரம் இல்லை, தன்னார்வத் தீயணைப்பு வீரர்களின் சங்கம். 1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் நண்பர்களும் ஆரம்பித்த வழக்கத்தின் தொடர்ச்சி இது. இன்றைக்கும் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தன்னார்வலர்கள். சில இடங்களில் நிலையக் கட்டடம் சங்கத்துக்குச் சொந்தம், வண்டி டிஸ்ட்ரிக்ட்டுக்குச் சொந்தம். யாருடையது எது என்பதிலேயே மணிக்கணக்கில் பேச்சு ஓடும். தீ எரியும் இடத்தில் சீஃப், அதாவது வீரர்களின் தலைவர், சொல்வதுதான் சட்டம், எந்தக் கமிஷனரும் அங்கே வாய் திறக்க முடியாது. பணம், ஆள், ஒப்பந்தம், காப்பீடு என்று வந்துவிட்டால் முடிவு ஐந்து பேர் கையில்.

நான் இதற்குள் எப்படி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டவுன்ஹவுஸ் வாங்கியபோது, வீடு கைமாறும் முன் புகை அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம், சமையலறையிலிருந்து 10 அடிக்குள் தீயணைப்பான் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்க ஓர் ஆய்வாளர் வந்தார். அது சட்டப்படி கட்டாயம். அப்போது அவரை நகராட்சி ஆள் என்றே நினைத்தேன். சொத்துவரி ரசீதில் பள்ளி, கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி), நகராட்சி வரிகளோடு ஃபயர் டிஸ்ட்ரிக்ட் என்ற ஒரு வரியும் இருந்ததைக் கவனிக்கவே இல்லை. அடுத்த வருடம் ஓர் இரவு பக்கத்து வீட்டில் மிளகாய் வற்றல் தாளித்த புகையில் அலாரம் அடித்து வண்டி வந்தது. முழு உடுப்போடு இறங்கியவரைப் பார்த்தால், போன மாதம் எங்கள் வீட்டுக் குழாயைச் சரிசெய்த பிளம்பர்! காலையில் ஆறு மணிக்கு அவருக்கு வேலை. அந்த இரவில் அவர் வந்ததற்குச் சம்பளம் கிடையாது. கிளம்பும்போது, “இரண்டாவது செவ்வாய் ஏழு மணிக்குக் கூட்டம், வாங்களேன், யாருமே வருவதில்லை” என்றார். போனேன். பார்வையாளர் நாற்காலியில் என்னைத் தவிர ஒருவர் இருந்தார்.

கூட்டம் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடக்கும். வருகைப் பதிவு, சென்ற கூட்டக் குறிப்புக்கு ஒப்புதல், பொருளாளர் அறிக்கை, பில் பட்டியல், சீஃப் அறிக்கை, பழைய விஷயம், புதிய விஷயம், பொதுமக்கள் பேச நேரம். 1975ஆம் ஆண்டின் திறந்த கூட்டங்கள் சட்டப்படி 48 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும். ஆள் நியமனம், வழக்கு மாதிரி சில விஷயங்களுக்குத்தான் கதவை மூடலாம், அப்போதும் எதற்காக மூடுகிறோம் என்று தீர்மானம் போட்டுவிட்டுத்தான் மூட வேண்டும்.

பில் பட்டியல்தான் எனக்குப் பாடப்புத்தகம். முதல் தடவை அதைப் பார்த்தபோது தண்ணீர்க் கம்பெனிக்கு ஒரு பெரிய தொகை போயிருந்தது. ஸ்டேஷனில் இவ்வளவு தண்ணீர் எதற்கு என்று கேட்டேன். அது தண்ணீருக்கு இல்லை, தீயணைக்கத் தண்ணீர் எடுக்கத் தெருவில் நிற்கும் ஹைட்ரன்ட்களுக்கு வாடகை என்றார்கள். நான் தினமும் கடந்துபோகும் அந்தக் குட்டைக் குழாய்க்கும் டிஸ்ட்ரிக்ட் பணம் கட்டுகிறது. புதிதாகக் குடியிருப்பு கட்டினால் ஹைட்ரன்ட் கூடும், வாடகையும் கூடும்.

நான் அதிகம் கற்றுக்கொண்டது உடுப்பு விவகாரத்தில். தீயணைப்பு வீரர் போடும் மேலங்கி, கால்சட்டை எல்லாவற்றுக்கும் 10 ஆண்டுதான் ஆயுள், அதுவும் தைத்த தேதியிலிருந்து. அலமாரியில் சும்மா தொங்கினாலும் பத்தாவது வருடம் கழித்துவிட வேண்டும் என்பது தேசியத் தரவிதி. ஒரு செட் சில ஆயிரம் டாலர். முப்பது பேர் இருந்தால் வருடத்துக்கு மூன்று செட் வீதம் வாங்கிக்கொண்டே வருவது நிதானமான வழி. ஒரு வருடம் மத்திய அரசு மானியத்துக்கு மனுப் போட்டு முப்பதையும் ஒரேயடியாக வாங்கிவிடலாம் என்று பேச்சு வந்தது. எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. அப்போது மூத்த கமிஷனர் ஒருவர், மானியம் ஒருமுறைதான் வரும், பத்து வருடம் கழித்து முப்பதும் ஒரே நாளில் காலாவதியாகும், அன்றைக்கு யார் தலையில் அந்தச் செலவு விழும் என்று கேட்டார். அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் மானியத்தில் பாதியை உடுப்புக்கும் மீதியை உடுப்பு துவைக்கும் சிறப்பு இயந்திரத்துக்கும் கேட்பது என்று முடிவானது. தீயில் படியும் கரியில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருக்கின்றன, அந்த உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைக்கக் கூடாது. அந்த முடிவு எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. எங்கள் பிளம்பரின் பிள்ளைகள் அப்பாவின் உடுப்பிலிருக்கும் கரியைச் சுவாசிக்காமல் இருப்பது அந்த முடிவால்தான்.

வண்டி வாங்குவது இன்னும் நீண்ட கதை. முன்வரிசையில் 15 வருடம் ஓடிய வண்டியை மாற்று வண்டியாக ஒதுக்கி வைப்பது பொதுவான வழிகாட்டுதல். இன்றைக்கு ஒரு புதிய வண்டி பத்து லட்சம் டாலரை எட்டுகிறது, ஆர்டர் கொடுத்தால் வந்து சேரவே வருடக்கணக்கில் ஆகிறது. கடன் வாங்கி வாங்குவதென்றால் வாக்காளர்களிடம் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டும். ஆக, இன்று ஐந்து பேர் தள்ளிப்போடும் ஒரு தீர்மானம் நான்கைந்து வருடம் கழித்து ஒரு நள்ளிரவில், பம்ப் சரியாக வேலை செய்யாத வண்டியாக வந்து நிற்கும். பம்ப் சோதனை, குழாய் சோதனை எல்லாம் வருடம் ஒருமுறை செய்ய வேண்டும். வரவுசெலவில் இடிக்கும்போது, “இந்த வருடம் விட்டுவிடலாமே” என்று யாராவது ஆரம்பிப்பது இதில்தான். அப்படி ஒருவர் ஆரம்பித்த இரவில் நானும் எழுந்து, விடக் கூடாது என்று பேசினேன். நான் அங்கே பேசிய முதல் பேச்சு அது.

பகல்நேர ஆள் பற்றாக்குறைதான் இப்போதைய பெரிய தலைவலி. இரவில் அழைத்தால் தன்னார்வலர்கள் வருகிறார்கள். பகல் பதினொரு மணிக்கு அவர்கள் மன்ஹாட்டனிலோ வேறு ஊரிலோ வேலையில் இருப்பார்கள். அதனால் வார நாள் பகலுக்கு மட்டும் சம்பள வீரர்களைப் பல டிஸ்ட்ரிக்ட்கள் வைத்திருக்கின்றன. சம்பளம் என்றால் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வரி உயர்வு. இந்தப் பாரத்தைச் சிறு டிஸ்ட்ரிக்ட்கள் எத்தனை நாள் தாங்கும் என்பது நியாயமான கேள்வி. மெர்சர் கவுன்டியின் ஹாமில்டனில் பல டிஸ்ட்ரிக்ட்களைச் சேர்த்து 2021இல் ஊர் நிர்வாகத்தின் கீழ் ஒரே துறையாக்கிவிட்டார்கள். என் கருத்தைக் கேட்டால், பக்கத்துப் பக்கத்து டிஸ்ட்ரிக்ட்கள் வண்டியையும் ஆளையும் பகிர்ந்துகொள்ள முதலில் முயல வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏணி வண்டி வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சரி, இதில் மக்களுக்கு என்ன பிடி? பிப்ரவரி மூன்றாவது சனிக்கிழமை, பிற்பகல் 2 மணி முதல் இரவு 9 வரை தேர்தல். கமிஷனர்களை மட்டுமல்ல, பட்ஜெட்டையே வாக்குச்சீட்டில் வைப்பார்கள். இவ்வளவு தொகையை வரியாக வசூலிக்கலாமா, ஆம் அல்லது இல்லை. தோற்றால் பட்ஜெட் ஊர் ஆட்சிக்குழுவின் கைக்குப் போகும், தொகையை அவர்கள் நிர்ணயிப்பார்கள். குளிர்காலத்தில், வேறு எந்தத் தேர்தலும் இல்லாத நாளில் நடப்பதால் மிகக் குறைவானவர்களே வருகிறார்கள். நான் முதல் தடவை மாலையில் போனபோது பதிவேட்டில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

இதைச் சரிசெய்ய, தேர்தலை நவம்பருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மாநிலம் ஒரு வழி கொடுத்திருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி மாற்றினால், வரி உயர்வு 2 சதவீத உச்சவரம்புக்குள் இருக்கும்வரை பட்ஜெட்டை வாக்குக்கு விடத் தேவையில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுக்க நிறையப் பேர் வருவார்கள், பணத்தைப் பற்றி வாக்களிக்க யாருக்கும் வாய்ப்பிருக்காது. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நான் பிப்ரவரியின் பக்கம்தான். குளிரில் நடுங்கிக்கொண்டு போனாலும், பட்ஜெட்டுக்கு ஆம் என்று என் கையால் சொல்ல விரும்புகிறேன்.

குடியுரிமை இல்லாதவர்கள் வாக்களிக்க முடியாது. ஆனால் எச்1பி விசாவில் இருந்தாலும் கூட்டத்துக்குப் போகலாம், உட்காரலாம். எங்கள் ஊரில் கேள்வியும் கேட்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும், எரிவது நாம் குடியிருக்கும் வீடுதானே. பட்ஜெட்டோ கூட்டக் குறிப்போ வேண்டுமென்றால் பொதுப் பதிவுகள் சட்டப்படி எழுதிக் கேளுங்கள், பொதுவாக 7 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். எந்த டிஸ்ட்ரிக்ட் என்று தெரியாவிட்டால் சொத்துவரி ரசீதைப் பாருங்கள், இல்லையென்றால் வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள்.

கடைசியாகப் போன வருடம் நடந்த ஒன்று. சீஃப் அறிக்கையில் வந்த அழைப்புகளில் பெரும்பகுதி தானியங்கி அலாரம், அதில் கணிசமானவை சமையல் புகை. நம் பகுதிக் குடியிருப்புகள் அதில் அடிக்கடி வந்தன. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வருகிறார். தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் போடுங்கள், எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுங்கள், அலாரத்தில் பிளாஸ்டிக் பையைக் கட்டாதீர்கள் என்று தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஒரு பக்கத் துண்டறிக்கை அடிக்கலாமா என்று கேட்டேன். மொழிபெயர்ப்பை நாங்களே செய்து தருகிறோம், அச்சுச் செலவு மட்டும் போதும் என்றேன். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், செயலர் பெயர் பெயராக அழைத்தார். ஐந்து பேரும் ‘யெஸ்’ என்றார்கள். அப்புறம் ஸ்டேஷன் கூரையில் தண்ணீர் ஒழுகுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.