மேலும், மேலும், மேலும்

வணக்கம். என் கட்டுரைகள் துண்டு துண்டாக இருக்கின்றன, இணைப்புச் சொற்கள் போட்டு எழுது என்றார் என் ஆசிரியர். மேலும், எனவே, இருப்பினும், மாறாக என்று ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு பத்திக்கு நாலைந்தாகச் சேர்த்தேன். இப்போது படித்தால் செயற்கையாக இருக்கிறது என்கிறார். என்னதான் செய்வது? ஒரு பத்தியை இணைத்திருக்கிறேன்.
க.

அன்புள்ள க.,

உங்கள் ஆசிரியர் இரண்டு முறையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வம்பு அந்தப் பட்டியலில்.

நீங்கள் அனுப்பிய பத்தியில் நான்கு ‘மேலும்’. நான்கையும் அடித்துவிட்டுப் படித்தேன், ஒன்றும் குறையவில்லை. இன்னொரு விஷயமும் இருக்கிறது என்று மட்டும்தானே அந்தச் சொல் சொல்கிறது, அதுதான் அடுத்த வாக்கியம் வந்து நிற்கும்போதே தெரிந்துவிடுகிறதே. ‘எனவே’ விஷயம் வேறு. அதற்கு முன்னால் காரணம் இருந்தாக வேண்டும். ‘எல்லோரிடமும் செல்போன் இருக்கிறது. எனவே வாசிப்பு குறைந்துவிட்டது’ என்கிறீர்கள். கையில் போன் வந்ததும் ஒருவர் ஏன் வாசிப்பை விடுகிறார் (போனிலேயே நாவல் படிப்பவர்களை எனக்குத் தெரியும்) என்று சொல்லும் வாக்கியத்தைக் காணோம், அந்த ஓட்டையை ‘எனவே’ போட்டு மூடியிருக்கிறீர்கள்.

அப்புறம், தமிழில் இணைப்பு பெரும்பாலும் வினையின் வாலிலேயே இருக்கிறது. ‘மழை பெய்தது. இருப்பினும் ஆட்டம் நிற்கவில்லை’ என்பதை ‘மழை பெய்தும் ஆட்டம் நிற்கவில்லை’ என்று எழுதிவிடலாம். பெய்ததால், பெய்தால், பெய்யாவிட்டால் என்று காரணமும் நிபந்தனையும் விகுதியிலேயே வந்துவிடுகின்றன. ‘உம்’ என்ற ஓர் இடைச்சொல்லுக்கு மட்டும் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது. ஏன், ‘ஆனால்’, ‘இருப்பினும்’, ‘ஆகவே’ எல்லாம் வினையிலிருந்து பிறந்து தனிச்சொல்லாக நின்றுவிட்டவைதான். அதற்காக எல்லாவற்றையும் எச்சமாக்கிக் கோத்துக்கொண்டே போனால் முற்றுப்புள்ளி வருவதற்குள் எழுவாய் மறந்துவிடும், அந்த வியாதி எனக்கு உண்டு.

பத்திக்கும் பத்திக்கும் நடுவே அந்தாதி உத்தி உதவும். முந்தைய பத்தி ‘தனிமை’யில் முடிந்தால் அடுத்ததை ‘இந்தத் தனிமை’ என்று தொடங்கிப் பாருங்கள்.

சரி, இப்போதைக்கு இணைப்புச் சொற்கள் அத்தனையையும் அடித்துவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். இடறுகிற இடத்தில் மட்டும் ஒன்றைத் திரும்ப வையுங்கள். என் கட்டுரைகளில் அப்படித் திரும்ப வருவது பெரும்பாலும் ‘ஆனால்’தான்.