கண்ணாடியின் முன்பக்கம் புடைத்திருந்தால் அது குழிலென்சு ஆகாதா?

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்குக் கிட்டப்பார்வை என்று சென்ற வாரம் கண்ணாடி வாங்கினோம். சீட்டில் இரு கண்களுக்கும் ‘ஸ்பியர் −2.50, சிலிண்டர் −0.75, ஆக்சிஸ் 180’ என்று எழுதியிருக்கிறது. பாடநூலில் குழிலென்சு இருபுறமும் குழிந்திருக்க, இவள் கண்ணாடியோ முன்பக்கம் புடைத்திருக்கிறது. கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? தரை சற்றுச் சரிந்து தெரிவதாகவும் சொல்கிறாள்.

பதில்: புடைப்பை மட்டும் வைத்து லென்சு மாறிவிட்டது என்று கருத வேண்டாம். பாடநூல் காட்டுவது இருபுறக் குழிலென்சு. மூக்குக்கண்ணாடியில் இன்று பொருத்தப்படுவது, முன்பக்கம் குவிந்து பின்பக்கம் அதைவிட ஆழமாகக் குழிந்திருக்கும் பிறை வடிவ லென்சு. இதை மெனிஸ்கஸ் என்பார்கள். கிரேக்கத்தில் அச்சொல்லுக்குப் பிறை என்றே பொருள். ஒளியைக் குவிக்கும் முன்பரப்பின் திறன் +4.00, ஒளியை விரிக்கும் பின்பரப்பின் திறன் −6.50 என்று கொண்டால், இரண்டும் சேர்ந்து −2.50 ஆகிறது. ஆகவே ஒரு பக்கம் புடைத்திருந்தாலும் ஒளியை விரிக்கும் வேலையில் அது குழிலென்சுதான். நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருப்பதை விரலால் தடவியே உணரலாம்.

இவ்வடிவத்துக்குக் காரணம் இருக்கிறது. கண் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதில்லை. கரும்பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பார்வையை ஓட்டும்போது லென்சின் ஓரங்கள் வழியாகவும் பார்க்கிறோம். இருபுறமும் குழிந்த லென்சில் அந்த ஓரப்பார்வை மங்கும்; கண்ணைச் சுற்றி வளைந்த பிறை வடிவில் அந்த மங்கல் வெகுவாகக் குறைகிறது. ஆங்கிலேய அறிவியலாளர் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் இத்தகைய கண்ணாடிக்கு 1804இலேயே காப்புரிமை பெற்றார்.

சீட்டிலுள்ள ‘ஸ்பியர்’ எல்லாத் திசையிலும் ஒரே அளவான கோளத் திறன். ‘சிலிண்டர்’ ஒரு திசையில் மட்டும் கூடுதலாகச் சேரும் உருளைத் திறன். ‘ஆக்சிஸ்’ அது எந்தக் கோணத்தில் அமைய வேண்டும் என்பதைக் குறிக்கிறது. உங்கள் மகளின் லென்சில் கிடைத்திசையில் −2.50, செங்குத்துத் திசையில் −3.25 இருக்கும். இப்படி இரு திசைகளில் இரு வேறு வளைவுகள் கொண்ட பரப்பை டாரிக் என்கிறோம். உளுந்து வடையின் வெளிவிளிம்பைக் கவனியுங்கள்: சுற்றிவரும் வளைவு பெரியது, மேலிருந்து கீழே இறங்கும் வளைவு சிறியது. அதுவே டாரிக் பரப்பு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு லென்சு வழியாகச் சன்னல் கம்பியைப் பாருங்கள். கண்ணாடியை இடப்பக்கம் நகர்த்தும்போது கம்பியும் இடப்பக்கமே நகர்ந்து, சிறியதாகத் தெரிந்தால் அது மைனஸ் லென்சு. வலப்பக்கம் நகர்ந்தால் பிளஸ். கண்ணாடியைக் கடிகார முள்போல் மெல்லத் திருப்புகையில் உள்ளே தெரியும் கம்பி மட்டும் சாய்ந்தால், அது உருளைத் திறனின் அடையாளம்.

உருளைத் திறனுள்ள கண்ணாடியை முதன்முறை அணிபவர்கள் பலருக்கும் தரை சரிந்ததுபோல் தோன்றுவதுண்டு; தொடர்ந்து அணிந்தால் பெரும்பாலும் சில நாள்களில் பழகிவிடும், கழற்றிக் கழற்றி அணிந்தால்தான் தாமதமாகும். மாடிப்படி இறங்கும்போது மட்டும் சில நாள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்தும் சரிவோ தலைவலியோ நீடித்தால், கண்ணாடியையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் செல்லுங்கள். ஆக்சிஸ் சில பாகை விலகியிருந்தாலும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. லென்சின் திறனை அளக்கும் கருவியான லென்சோமீட்டரில் வைத்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.